இராசாத்தியின் கழுத்து

கழுத்து என்று ஒன்றை ஆண்டவன் எதற்கு வைத்தான்? திருப்பத்தான் வைத்தான். திருப்பக் கூடாது என்று நினைத்திருந்தால் தவளைக்கு வைத்த மாதிரி தலையைத் தோளோடு சேர்த்து அப்பி விட்டிருப்பான். இந்த நியாயம் பீடோங் இராசாத்திக்குத் தெரியும். அவள் புருஷன் அய்யாவுக்குத் தெரியும். பாசாரில் மீன்கடைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற பூனைக்குக்கூடத் தெரியும். அவள் வேலை பார்த்த பஸ் கம்பெனிக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

இராசாத்தி ஓட்டுவது தொழிற்சாலை பஸ். பீடோங்கில் ஆளேற்றி, சுற்றியுள்ள தோட்டத்து முனைகளில் நின்று நின்று பொறுக்கிக்கொண்டு, விடிந்தும் விடியாமலும் கூலிமில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆள் கட்டை, குரல் நெட்டை. கண்ணாடி வளையல் ஒரு கை நிறையப் போட்டிருப்பாள். கியர் மாற்றும்போதெல்லாம் அது சலசலக்கும். பின்னால் தூங்குகிற பெண்பிள்ளைகள் அந்தச் சத்தத்தை வைத்தே மேடு எது, பள்ளம் எது என்று தெரிந்துகொள்வார்கள்.

அவள் அப்பா கித்தா தோட்டத்தில் ரப்பர் பால் லோரி ஓட்டியவர். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து உட்காரவைத்து, கடைசியில் மகள் ஓட்ட இவர் பக்கத்தில் தூங்குகிற அளவுக்கு முன்னேறிவிட்டார். பெண் பார்க்க வந்த அன்று அய்யாவுவின் அம்மா, “பொண்ணுக்கு என்னா தெரியும்?” என்று கேட்டாள். “லோரி தெரியும்” என்றார் அப்பா. அந்த அம்மாளுக்குக் காப்பி தொண்டையில் நின்றுவிட்டது. மாப்பிள்ளைக்கு மட்டும் முகம் மலர்ந்தது. மோட்டார் சைக்கிளில் ஏறினாலே அதைச் சாய்த்துவிடுகிற மனிதர் அய்யாவு. வாழ்நாள் முழுக்கப் பின்னால் உட்கார்ந்து போகலாம் என்கிற நிம்மதியில் தலையை ஆட்டினார். இன்றைக்கும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் காவல் வேலை பார்க்கிறார். வீட்டுக்காரி கொண்டுபோய் விட்டால் போவார், இல்லாவிட்டால் நடப்பார்.

முதலில் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். வேனுக்கு வயதான பிறகு விக்னேஸ்வரனிடம் போய் நின்றாள். விக்னேஸ்வரன் என்பவர் தொழிற்சாலைகளுக்குக் குத்தகையில் பஸ் விடுகிற முதலாளி. “பொம்பளைக்குப் பெரிய பஸ் சரிப்படுமா?” என்றார். “ஏன் போஸ், உங்க பஸ்ஸு ஆம்பளையா?” என்று கேட்டாள். அன்று சாவியைக் கொடுத்தவர்தான். அதற்குப் பிறகு அவளிடம் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டார்.

இப்போது முனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை விட்டுவிட்டு இந்தக் கதை நகராது.

பீடோங்கிலிருந்து கூலிம் போகிற வழியில் ஒரு சிம்பாங் இருக்கிறது. இடது பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் மண்சாலை பிரியும். அந்த முனையில், அரசமரத்தடியில், தகரக் கூரைக்குக் கீழே முனீஸ்வரர் உட்கார்ந்திருக்கிறார். மீசை, அரிவாள், மஞ்சள் துணி, வாயில் யாராவது செருகிவிட்டுப் போன சுருட்டு. அந்தப் பக்கம் போகிற நம் ஆட்கள் யாராக இருந்தாலும் இரண்டு தடவை ஹாரன் அடித்து, வலது கையை நெஞ்சில் வைத்து, தலையைத் திருப்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் போவார்கள். காடி ஓட்டுகிற டாக்டரும் செய்வார், மோட்டாரில் போகிற பிள்ளையும் செய்யும். செய்யாமல் போகிறவனைப் பின்னால் வருகிறவன், “பாசார்ல மீன் வாங்கிட்டு வர்றான் போல, அதான் சாமியப் பாக்க மாட்டேங்குறான்” என்று நினைத்துக்கொள்வான்.

இராசாத்தி இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயிருந்தாள். பஸ் நிறைய ஆள் இருக்கிறது, எல்லாம் வாயைப் பிளந்து தூங்குகிறது. தூங்குகிறவர்களுக்கும் சேர்த்து ஓட்டுகிறவள்தானே கும்பிட வேண்டும்? ஆகவே அவள் தலை முனிக்கு முன்னாலேயே திரும்பத் தொடங்கி, அரசமரம் கடந்த பிறகுதான் திரும்பி வரும். முன் சீட்டில் உட்காருகிற ரூபினி என்கிற பெண் கண்ணைத் திறக்காமலே கேட்பாள்: “அக்கா, முனி போயாச்சா?” போயாச்சு என்றால் பவுடர் டப்பாவைத் திறப்பாள். தொழிற்சாலை வர இன்னும் எவ்வளவு நேரம் என்று அதை வைத்துத்தான் அவளுக்குக் கணக்கு.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் சோதனை வந்து சேர்ந்தது.

தொழிற்சாலைக்காரர்களுக்குத் திடீரென்று பாதுகாப்பில் அக்கறை பிறந்தது. ஓட்டுநர்களின் கண்ணும் தலையும் சாலையில் இருக்கின்றனவா என்று பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் குத்தகை நீளும் என்று சொல்லிவிட்டார்கள். விக்னேஸ்வரன் கோலாலம்பூரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். பெயர் தீபன். முப்பது வயது, கழுத்தில் அட்டை, கையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் கறுப்புக் கண்ணாடி. கண்ணாடி என்றால் மூக்கில் மாட்டுகிறது இல்லை; குதிரைக்குக் கண் மறைப்பார்களே, அந்த மாதிரி முகத்தையே மூடுகிற சாமான். விஆர் என்று பெயர் சொன்னார்.

தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் ஓட்டுநர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலிக்கு முன்னால் ஒரு விளையாட்டு ஸ்டீரிங், கீழே பிரேக்.

“இதைப் போட்டுக்கிட்டா நீங்க பஸ்லயே இருக்கிற மாதிரி இருக்கும்” என்றார் தீபன். “இது உங்க தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாக்கும். உள்ள இருக்கிற கேமரா உங்க கண்ணு எந்தப் பக்கம் போவுதுன்னு தனியா பாக்கும். மனுசன் கொஞ்சம் ஓரமா பாக்கணும்னா கண்ணை மட்டும் நகர்த்துவான், ரொம்ப ஓரமா பாக்கணும்னா தலையையும் சேர்த்துத் திருப்புவான். இது ரெண்டையும் நாங்க அளந்து வச்சிருக்கோம்.”

“இதை அளக்குறதுக்குப் படிப்பு இருக்கா தம்பி?” என்று கேட்டார் சுப்பிரமணியம். இதே வழியில் இன்னொரு பஸ் ஓட்டுகிறவர் அவர். நெற்றி நிறைய விபூதி, நாக்கு நிறைய நக்கல்.

“இருக்கு அண்ணே. நான் அதுலதான் பட்டம் வாங்கினேன்.”

“எங்க மாமியாரு பட்டம் வாங்காமலே அளப்பாங்க லா. நான் எந்தப் பக்கம் பாத்தாலும் கரெக்டா சொல்லிடுவாங்க.”

கூடம் சிரித்தது. தீபனும் சிரித்துவிட்டு விதியைச் சொன்னார். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் பஸ் வேறு ஆளுக்குப் போய்விடும். தவறியவரைக் கம்பெனி கைவிடாது. பஸ் கழுவுகிற இடத்தில் போட்டுக்கொள்ளும். சிரிப்பு நின்றது. இராசாத்தி தன் வளையலைத் தடவிக்கொண்டாள். பஸ் கழுவுவது கேவலமான வேலை இல்லை. ஆனால் தான் ஓட்டுகிற பஸ்ஸை இன்னொருத்தன் சேறாக்கிக் கொண்டுவர, அதைத் தான் கழுவுவதா?

அவள் முறை வந்தது. கண்ணாடியை மாட்டினார்கள். உள்ளே பார்த்தால், அடி ஆத்தி, அவள் சாலை! தீபனின் ஆட்கள் கேமரா வைத்த காடியில் இதே வழியில் போய்ப் படம் பிடித்து, அதை வைத்துச் செய்திருக்கிறார்கள். ஓட்டுநர்களுக்குப் பழகின இடமாக இருக்கட்டும் என்கிற நல்லெண்ணம். சீனன் டயர் கடை, பெட்ரோல் நிலையம், செம்பனை வரிசை எல்லாம் அப்படியே இருந்தன. குனிந்து தன் கையைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று உறை போட்ட இரண்டு கை ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தன.

“என் வளையலு எங்க?” என்று கத்தினாள்.

“அது வெறும் படம் அக்கா.”

“படமா இருந்தாலும் புருசன் இருக்கிறவ கை மொட்டையாவா இருக்கும்? முன்னாடியே சொன்னா நான் ஒரு டஜன் வாங்கிட்டு வந்திருப்பேன்ல?”

“அக்கா, ரோட்டைப் பாருங்க!”

பார்த்தாள். நன்றாகவே ஓட்டினாள். வளைவில் வேகம் குறைத்தாள், குறுக்கே வந்த மாட்டுக்கு நின்றாள், முந்தப் பார்த்த லோரிக்கு வழிவிட்டு வாய்க்குள் ஒரு வார்த்தையும் விட்டாள். சிம்பாங் வந்தது. அரசமரம். தகரக் கூரை. மஞ்சள் துணி. படத்திலும் முனி இருந்தார்! ஹாரன் இரண்டு தடவை அடித்தது. கை நெஞ்சுக்குப் போனது. தலை திரும்பியது, அரசமரம் தாண்டிய பிறகுதான் வந்தது. காதுக்குள் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் திட்டியது. இராசாத்திக்கு அது பொருட்டாகப் படவில்லை. கன்னத்தில் போட்டுக்கொள்ளத்தான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கன்னத்தை அந்தப் பெட்டி மறைத்துக்கொண்டிருந்தது.

எல்லாரும் ஓட்டி முடித்ததும் தீபன் திரையில் போட்டுக் காட்டினார். நீலப் புள்ளி, தலை போன இடம். சிவப்புப் புள்ளி, கண் போன இடம். வழி நெடுக இரண்டும் சாலையிலேயே இருந்தன. சிம்பாங் வந்ததும் ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லாருடைய புள்ளியும் இடது பக்கம் பாய்ந்தது. எல்லாப் புள்ளிகளையும் ஒரே படத்தில் சேர்த்தார். கண் அதிகம் விழுந்த இடம் செக்கச் செவேலென்று எரியும் என்றார். முனியின் முகத்தில் குங்குமம் கொட்டிய மாதிரி சிவப்பு படர்ந்திருந்தது.

கூடமே திரையைப் பார்த்து முன்னால் சாய்ந்தது. பிறகு பின் வரிசையில் ஒருவர் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

“முனி ஜொலிக்கிறாரு பாரு” என்றார்.

“அண்ணே, அது கம்ப்யூட்டர் போட்ட கலர்” என்று தீபன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஆளுக்கு ஆள் தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் படம் சட்டம் போட்டு மூன்று வீட்டுச் சாமி மாடத்தில் ஏறிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். படத்தில் இன்னொரு இடத்திலும் சின்னதாக ஒரு சிவப்பு இருந்தது. முனிக்குப் பக்கத்தில் நவமணியின் பசியாறும் கடை. நவமணி இட்டிலி, நாசி லெமாக் விற்கிறவள், சிரித்த முகம். அந்தச் சிவப்பு யாருடையது என்று தீபன் ஒரு விசையைத் தட்டினார். சுப்பிரமணியத்தின் புள்ளிகள் மட்டும் திரையில் நின்றன. நீலம் முனி மேலே. சிவப்பு நவமணி மேலே.

“அண்ணே” என்றாள் இராசாத்தி. “தலை சாமிகிட்ட இருக்கு. கண்ணு இட்டிலிகிட்ட இருக்கு.”

“பசி லா தங்கச்சி, பசி. காலையில வெறும் வயிறு.”

“இட்டிலி தட்டுல இருக்கும். உங்க செகப்பு அதுக்கு ஒரு சாண் மேல இருக்கே!”

பாக் டின் விழுந்து விழுந்து சிரித்தார். தோட்டத்துப் பக்கம் வளர்ந்த மலாய்க்கார ஓட்டுநர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். ஆனால் அவர் புள்ளியும் இடது பக்கம் ஓடித்தான் இருந்தது. “நீங்க ஏன் பாக்குறீங்க?” என்று தீபன் கேட்டதற்கு, “முன்னாடி போற ராசாத்தி அங்க வந்தா ரோட்டப் பாக்க மாட்டா. அவ பிரேக்கு போட்டாளா, என்னாத்த பாத்தான்னு நான் பாக்க வேண்டியிருக்கு. இருவது வருசமா இதே வேலதான்” என்றார்.

ஆக எல்லாரும் பெயில்.

தீபனும் விக்னேஸ்வரனும் தனியாக உட்கார்ந்து ஆலோசித்தார்கள். நிபுணர்கள் கூடிப் பேசினால் வருகிற முடிவுதான் வந்தது. சாமியை எடுத்துவிடுவது. நிஜச் சாமியை இல்லை. அதற்குத் தைரியம் வேண்டும். படத்தில் இருக்கிற சாமியை. இரண்டாவது சோதனைக்கு வந்தபோது அரசமரத்தையும் கூரையையும் முனியையும் அழித்து, அந்த இடத்தில் பச்சைப் பசேலென்று புல் போட்டிருந்தார்கள். நவமணியின் கடையை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இராசாத்தி சிம்பாங்கை நெருங்கினாள். தலை திரும்பியது. முனியைக் காணோம்.

மனுசிக்கு நெஞ்சு திக்கென்றது. இவ்வளவு வருசமாக உட்கார்ந்திருந்தவர் எங்கே போனார்? தலையை இன்னும் திருப்பினாள். இல்லை. கழுத்தை நீட்டிப் பார்த்தாள். இல்லை. பின்பக்கம் இருக்கிறாரோ என்று தோள் மேலாக எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் முக்கால் சுற்றுச் சுற்றிவிட்டாள். காதுக்குள் இங்கிலீஷ்காரி கதறுகிறாள். பஸ் செம்பனைக்குள் புகுந்து, மரத்தைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டது. படம்தானே, மரத்துக்கு வலிக்காது.

“யாருடா எடுத்தது?” என்று கண்ணாடியோடு எழுந்து நின்றாள்.

மற்றவர்களும் இப்படித்தான். முதல் தடவை பார்த்துவிட்டுத் திரும்பிய தலையெல்லாம் இந்தத் தடவை தேடிக்கொண்டு நின்றது. ஒரே ஒருவர்தான் தேறினார். சுப்பிரமணியம்.

காரணத்தைத் தீபன் விளக்கினார். தலை திரும்பினால் பெரிய குற்றம். கண் மட்டும் ஒரு தடவை போய் வந்தால் சின்னக் குற்றம். கும்பிடச் சாமி இல்லாததால் சுப்பிரமணியத்தின் தலை நேராக நின்றது. கண் மட்டும் நவமணி கடைக்குப் போய்விட்டு வந்தது. அவ்வளவுதான். பாஸ்.

“சாமியத் தேடுனவ பெயிலு, இட்டிலிக்காரியப் பாத்தவரு பாஸா?” என்றாள் இராசாத்தி.

“மிஷின் அப்படித்தான் அக்கா கணக்குப் போடுது.”

“அந்த மிஷினு ஆம்பளைங்க செஞ்சதா?”

தீபன் சான்றிதழை நீட்டினார். சுப்பிரமணியம் சான்றிதழை வாங்கி விபூதி நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

மிச்சம் ஒரே வாய்ப்பு. விக்னேஸ்வரன் அவளைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னார்: “ராசாத்தி, ஒரு நிமிசம் சாமிய மறந்துடு. சாமி கோச்சுக்க மாட்டாரு. தொழிற்சாலைக்காரன் கோச்சுக்குவான்.”

“சாமி கோச்சுக்க மாட்டாருன்னு உங்களுக்கு யாரு சொன்னா போஸ்?”

“சரி விடு. நேராப் பாரு, அவ்வளவுதான். என்னால வேற ஒண்ணும் செய்ய முடியாது. பஸ்ஸுக்கு பாலிங்லேருந்து ஒரு பையன் கேட்டுக்கிட்டே இருக்கான்.”

அந்தக் கடைசி வார்த்தையை வீடு வரை சொல்லிக்கொண்டே போனாள். பாலிங் பையன். அவளுடைய சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, அவளுடைய கண்ணாடியை மேலே தூக்கி, காலை அகட்டி உட்கார்ந்து ஓட்டப் போகிறான்.

வீட்டில் பயிற்சி தொடங்கியது. அய்யாவு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, கையில் சுளகைக் கொடுத்தார், அது ஸ்டீரிங். தலையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார். தலை திரும்பினால் பழம் விழும். பிறகு பூசை மாடத்திலிருந்து முனி படத்தை எடுத்துக்கொண்டு அவள் இடது பக்கமாக நடந்தார்.

பழம் விழுந்தது.

மறுபடி வைத்தார், மறுபடி நடந்தார். மறுபடி விழுந்தது. “நீ வேகமா நடக்குற” என்றாள். மெதுவாக நடந்தார். விழுந்தது. “நீ என்னைப் பாத்துக்கிட்டே நடக்குற, அதான்.” வேறு பக்கம் பார்த்து நடந்து, கட்டில் காலில் இடித்துக்கொண்டார். அந்தச் சத்தத்துக்கும் பழம் விழுந்தது. பழங்கள் நசுங்கி நசுங்கி அந்த வாரம் முழுக்க வீட்டில் ஊறுகாய்தான்.

அய்யாவுக்கு இன்னொரு யோசனை. போன வருசம் மோட்டாரிலிருந்து விழுந்தபோது (நின்றுகொண்டிருந்த மோட்டார்தான்) ஆஸ்பத்திரியில் கொடுத்த கழுத்துப் பட்டை பீரோவில் இருந்தது. அதை அவளுக்கு மாட்டினார். இப்போது கழுத்து அசையாது. முனி படத்தோடு நடந்தார். கழுத்து அசையவில்லை. இடுப்பு திரும்பியது. இடுப்போடு நெஞ்சும், நெஞ்சோடு தலையும், நாற்காலியும் சேர்ந்து திரும்பின.

அய்யாவு படத்தை மேசையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பொதுவாகக் கோபம் வராத மனிதர்.

“ஏண்டி, பட்டை போட்டும் நிக்கல, பழம் வச்சும் நிக்கல. ஒன் கழுத்து இந்த ஜென்மத்துல நிக்காது. அந்த பஸ்ஸாச்சும் நிக்குமா, இல்ல அதுவும் ஒன்ன மாதிரிதானா?”

இராசாத்தி பட்டையோடு அவரை வெறித்துப் பார்த்தாள். சுளகைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து போய் அவருக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. முட்டையைக் கேள்வி கேட்கிற பழக்கமும் அவருக்கு இல்லை.

மூன்றாவது சோதனை. கூடத்தில் விக்னேஸ்வரன் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடியை மாட்ட வந்த தீபனை இராசாத்தி தடுத்தாள்.

“தம்பி, ஒண்ணு கேக்கணும். பஸ்ஸு நிக்கும்போது நான் எங்க பாக்குறேன்னு இது பாக்குமா?”

“நிக்கும்போது பாக்காது அக்கா. வேகம் இருந்தாத்தான் கணக்கு.”

“நல்லா யோசிச்சு சொல்லு.”

“சிக்னல் போட்டு, ஓரங்கட்டி நிறுத்திட்டீங்கன்னா நீங்க தூங்கினாக்கூட அது கேக்காது.”

“சரி. மாட்டு.”

ஓட்டினாள். டயர் கடை, பெட்ரோல் நிலையம். கையில் வளையல் இல்லாததைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். செம்பனை வரிசை தொடங்கியது. சிம்பாங் தூரத்தில் தெரிந்ததும் கழுத்து தன் வேலையை ஆரம்பிக்கப் பார்த்தது. இருடி என்று அதை அதட்டினாள். இடது சிக்னலைப் போட்டாள். வேகத்தைக் குறைத்தாள். பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். ஓரங்கட்டினாள். பஸ் நின்றது. கைப்பிரேக்கை இழுத்தாள். நாலு விளக்கும் மின்ன வைத்தாள். அதற்குப் பிறகு சாவகாசமாக, முழுசாக, முகத்தை இடது பக்கம் திருப்பி, வெறும் புல்லைப் பார்த்து, பெட்டி மாட்டிய முகத்துக்கு நேரே இரண்டு கையையும் கூப்பினாள்.

“அக்கா” என்றார் தீபன். “அங்க ஒண்ணும் இல்ல. நான் அழிச்சிட்டேன்.”

“ஒன் படத்துல அழிச்ச. நான் ஒன் படத்தையா கும்பிடுறேன்?”

கும்பிட்டு முடித்து, வலது சிக்னல் போட்டு, தோள் மேலாகப் பார்த்து, சாலையில் ஏறினாள். கூலிம் போய்ச் சேருகிற வரை நீலப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி சாலை நடுவில் கிடந்தன. மிஷின் அவளுக்குப் போட்ட மதிப்பெண் சுப்பிரமணியத்தைவிட அதிகம். நேரம் மட்டும் கொஞ்சம் கூடுதல் என்று ஓரத்தில் காட்டியது. பாதுகாப்புச் சோதனையில் நேரத்துக்கு மதிப்பெண் இல்லை.

தீபன் திரையைப் பார்த்தார், விக்னேஸ்வரனைப் பார்த்தார், தன் பெட்டியைப் பார்த்தார். “பாஸ்” என்றார். குரலில் உற்சாகம் போதவில்லை. பின்னால் காத்திருந்த ஓட்டுநர்கள் அதற்குள் பாடத்தைப் படித்துவிட்டார்கள். அன்று எல்லாருடைய பஸ்ஸும் அந்தப் புல்லுக்கு எதிரே நின்று, விளக்கு மின்னி, கும்பிட்டுவிட்டுப் போயின. பாக் டின்னும் நிறுத்தினார். “எல்லாரும் நிப்பாட்டுற எடத்துல நான் மட்டும் போனா பின்னாடி இடிக்க மாட்டேனா?” என்று கேட்டார். எல்லாரும் பாஸ். விக்னேஸ்வரனுக்கு வாயெல்லாம் பல். குத்தகை நீண்டது.

அவர் பல் தெரியச் சிரித்தது அதோடு சரி. ஏனென்றால் தொழிற்சாலைக்காரன் அடுத்த வாரமே, சோதனையில் எப்படி ஓட்டினார்களோ அப்படியே சாலையிலும் ஓட்டுகிறார்களா என்று பார்க்க, ஒவ்வொரு பஸ்ஸிலும் ஸ்டீரிங்குக்கு எதிரே கண் பார்க்கிற சின்ன கேமரா ஒன்றை மாட்டிவிட்டான். ஓடும்போது தலை திரும்பினால் அது கீச்சென்று கத்தும்.

முதல் நாள் காலை. வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. சிம்பாங்கில் இராசாத்தி சிக்னல் போட்டாள், ஓரங்கட்டினாள், நிறுத்தினாள்.

வளையல் சத்தம் நின்றதும் பின்னால் தூங்கினவர்களெல்லாம் விழித்துக்கொண்டார்கள். ரூபினி துள்ளி எழுந்தாள்.

“அக்கா, பஸ்ஸு ரோசாக் ஆயிடுச்சா?”

“கெட்டுப் போகல. கும்பிடப் போறேன்.”

“எறங்கியா?”

“நிப்பாட்டிட்டு உள்ள இருந்தே கும்பிட்டா நல்லா இருக்குமா? வீட்டு வாசல்ல காடியில உக்காந்துகிட்டே நலமான்னு கேக்குற மாதிரி இருக்கும்.”

அவள் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் பாதி பஸ் இறங்கியது. பின்னாலேயே சுப்பிரமணியத்தின் பஸ் வந்து நின்றது. அவர் இறங்கி முனிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே கடைப்பக்கம் போனார். இப்போது தலையும் கண்ணும் காலும் ஒரே திசையில் இருந்தன, எந்த மிஷினும் அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் பாக் டின்னின் பஸ். அவருடைய ஆட்கள் தேத்தண்ணிக்கு இறங்கினார்கள். நவமணிக்குக் கை இரண்டு போதவில்லை.

விக்னேஸ்வரன் தொலைபேசியில் கூப்பிட்டார். எங்கிருந்தோ அவருக்குச் சேதி போய்விட்டது.

“ராசாத்தி! மூணு பஸ்ஸும் சிம்பாங்ல என்னா செய்யுது?”

“சோதனையில செஞ்சதத்தான் செய்யுது போஸ். நீங்கதானே கைகட்டி நின்னு பாத்தீங்க?”

“ஷிஃப்ட் லேட்டாவும் லா!”

“அப்ப நாளைலேருந்து எல்லாரையும் கொஞ்சம் முன்னாடியே ஏத்திக்கச் சொல்லுங்க. இல்லாட்டி அந்த கேமராவக் கழட்டச் சொல்லுங்க. நான் பழையபடி ஓடிக்கிட்டே பாத்துக்குறேன்.”

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. கேமராவைக் கழற்றினால் குத்தகை போகும். “முன்னாடியே ஏத்துங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இராசாத்தி செருப்பைக் கழற்றிவிட்டுத் தகரக் கூரைக்கு முன்னால் போய் நின்றாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இவ்வளவு வருசம் இந்த மனுசரை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. திருவிழாவுக்கு வந்தால் கூட்டம். மற்ற நாளெல்லாம் ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒரு பார்வை. அவள் நினைத்திருந்ததைவிட ஆள் குட்டை. மீசையில் ஒரு பக்கம் சாயம் போயிருந்தது. கண் அவள் நினைத்த மாதிரி உருட்டிக்கொண்டு இல்லை. தூக்கம் போதாத கண் மாதிரி, காலை ஷிஃப்ட் முடித்தவன் கண் மாதிரி இருந்தது.

ஓடுகிற பஸ்ஸில் வேண்டுதல் என்றால் ஒரே வார்த்தைதான். காப்பாத்து. அதற்கு மேல் அரசமரம் இடம் கொடுக்காது. இப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கிறது, வார்த்தையைத்தான் காணோம். மகளுக்கு வேலையைக் கேட்பதா, அய்யாவுவின் முழங்காலைக் கேட்பதா, பாலிங் பையனுக்கு வேறு எங்காவது ஒரு பஸ்ஸைக் கேட்பதா? அவன் பாவம், யார் பெற்ற பிள்ளையோ, அவனுக்கும் ஒன்று கிடைத்தால் என் பக்கம் வரமாட்டான். எதை முதலில் கேட்பது என்று தெரியாமல் கை கூப்பியபடி நின்றாள்.

“அக்கா! வேலைக்குக் கார்டு தட்டணும், லேட்டாவுது!” என்று ரூபினி பஸ் கதவில் தொங்கிக்கொண்டு கத்தினாள்.

“இருடி, வரேன்.”

முனியிடம் குனிந்து, பக்கத்து வீட்டாரிடம் சொல்கிற மாதிரி தணிந்த குரலில், “ஒண்ணும் ஓட மாட்டேங்குது. வீட்டுல போய் யோசிச்சு வச்சுக்கிட்டு நாளைக்கி வந்து கேக்குறேன்” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினாள். வலது சிக்னலைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, பஸ்ஸைச் சாலையில் ஏற்றினாள். தலை நேராக இருந்தது. கேமரா வாயைத் திறக்கவில்லை.